காப்பின்றி விற்ற கால் ஆப்ஷனும் கேம்ஸ்டாப்பின் 4 வாரங்களும்

2021 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை, நியூயார்க்கில் கேம்ஸ்டாப் பங்கு 40.59 டாலரில் முடிந்தது. அந்த மாதத்து ஆப்ஷன்களுக்கு அன்றுதான் எக்ஸ்பைரி, அதாவது காலாவதி நாள். ஜனவரி 20 அன்று பங்கு 39.12 டாலரில் இருந்தபோது, பழைய வீடியோ கேம் வட்டுகளை விற்கும் இந்தக் கடைச் சங்கிலிக்கு 60 டாலர் மிக அதிகம் என்று கணித்து, பிப்ரவரி மாதத்து 60 டாலர் கால் ஆப்ஷனை (எக்ஸ்பைரி வரை பங்கை 60 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை) ஒருவர் விற்றிருந்தால் அவருடைய கணிப்பில் ஒரு குறையும் இல்லை. விற்ற ஆப்ஷன் மதிப்பிழந்து காலாவதியானது. அதை விற்று வாங்கிய விலை, அதாவது பிரீமியம், முழுவதும் லாபம். ஆயினும், கையில் பங்கோ வேறு எந்தக் காப்போ இல்லாமல் அதை விற்றுவிட்டு பிப்ரவரி 19 வரை அந்த நிலையைக் கலைக்காமல் வைத்திருந்தவர் எவரேனும் உண்டென்றால், அவர் பெரும் செல்வந்தராகவோ, தம் கணக்கின் அளவுக்கு மிகச் சொற்பமாக விற்றவராகவோதான் இருந்திருக்க முடியும்.

இப்படிக் காப்பில்லாமல் 'நேக்கட்' ஆப்ஷன் விற்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'லாபத்துக்கு வரம்புண்டு, நஷ்டத்துக்கு வரம்பில்லை' என்ற வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம், எக்ஸ்பைரி அன்று பங்கு எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் வரும் என்ற எண்ணத்தையும் சேர்த்தே மனத்தில் பதித்துவிடுகிறது. விற்றவர்களே நெருக்கடியில் திரும்ப வாங்கி விலையை மேலும் ஏற்றும் 'ஸ்க்வீஸ்' நடக்கும் சந்தையில் காப்பில்லாத ஆப்ஷன் விற்றவர் எக்ஸ்பைரி வரை போவதே இல்லை. வழியிலேயே மார்ஜின், அதாவது தரகரிடம் வைக்க வேண்டிய ஈட்டுத் தொகை, அவரை வெளியேற்றிவிடுகிறது. அதுவும் மிக மோசமான விலையில். என் பார்வையில் இந்த வியாபாரத்தின் உண்மையான ஆபத்து இதுதான், மற்றவை இதன் கிளைகள்.

முதலில் அந்த வாரத்தின் விலைகளைப் பார்த்துவிடலாம். ஜனவரி 22 அன்று முடிவு விலை 65.01 டாலர், 25 அன்று 76.79, 26 அன்று 147.98, 27 அன்று 347.51. 28 அன்று இடையில் 483 டாலர் வரை போய், 193.60 டாலரில் முடிந்தது. 29 அன்று மறுபடி 325. பிப்ரவரி 2 அன்று 90 டாலர், 4 அன்று 53.50. (2022 ஜூலையில் ஒரு பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டதால் இன்றைய வரைபடங்களில் இந்த எண்கள் எல்லாம் நான்கில் ஒரு பங்காகத் தெரியும், பழைய விலையைத் தேடுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.) அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமான எஸ்இசி 2021 அக்டோபரில் வெளியிட்ட அலுவலர் அறிக்கையின்படி, பொதுப் புழக்கத்தில் இருந்த பங்குகளில் 122.97 சதவீதம் வரை ஷார்ட், அதாவது கடன் வாங்கி, விற்கப்பட்டிருந்தது. நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு: கடன் வாங்கி விற்கப்பட்ட பங்கை வாங்கியவர், அதையே மறுபடி இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கலாம், ஒரே பங்கு இருமுறை ஷார்ட் கணக்கில் ஏறும். இவ்வளவு பேர் விற்றிருந்த பங்கில் விலை ஏறத் தொடங்கினால், விற்றவர்களே வாங்குபவர்களாக மாறி விலையை மேலும் ஏற்றுகிறார்கள். மெல்வின் கேப்பிடல் என்ற நிதியம் அந்த ஜனவரியில் மட்டும் தன் மதிப்பில் 53 சதவீதத்தை இழந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அக்கறை அதே நேரத்தில் ஆப்ஷன் விற்றுக்கொண்டிருந்த சாதாரண மனிதரைப் பற்றி.

அவருடைய மார்ஜின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் சில்லறை வாடிக்கையாளர் காப்பில்லாமல் கால் விற்கும்போது வைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகைக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆப்ஷனின் அப்போதைய விலையை எடுத்துக்கொண்டு, அதனுடன் பங்கு விலையின் 20 சதவீதத்திலிருந்து ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் குறித்த விலை) எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதைக் கழித்து வரும் தொகையையோ, பங்கு விலையின் 10 சதவீதத்தையோ, எது பெரிதோ அதைக் கூட்ட வேண்டும். ஜனவரி 20 அன்று 60 டாலர் ஸ்ட்ரைக் வெகு தொலைவில் இருந்ததால் 10 சதவீதக் கணக்கே பொருந்தும்: 100 பங்குகள் கொண்ட ஒரு கான்ட்ராக்டுக்கு 391 டாலரும் பிரீமியமும். ஐந்தே வர்த்தக நாள்கள் கழித்து, ஜனவரி 27 மாலை, அதே கான்ட்ராக்டின் உள்ளார்ந்த மதிப்பு (பங்கு விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டிய அளவு) மட்டும் 28,751 டாலர். அதோடு பங்கு விலையின் 20 சதவீதம் சேர்ந்தால் 35,701 டாலருக்கு மேல். பத்து கான்ட்ராக்ட் விற்றவர் நாலாயிரம் டாலருக்குக் குறைவான ஈட்டில் தொடங்கிய வியாபாரத்துக்கு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் காட்ட வேண்டியிருக்கும். இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மட்டுமே. தரகு நிறுவனம் தன் விருப்பப்படி அதிகம் கேட்கலாம், கேட்கவும் செய்தது. இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் அந்த வாரத்தில் கேம்ஸ்டாப் பங்கின் ஷார்ட் நிலைகளுக்கு 300 சதவீத மார்ஜின் விதித்தது.

தொடக்கத்தில் சிறிய தொகை போதும் என்பதே இங்கு பொறி. விலை தொலைவில் இருக்கும்போது ஈடு குறைவாக இருப்பதால், 'இன்னும் பத்து விற்கலாமே, கணக்கில்தான் பணம் இருக்கிறதே' என்று தோன்றுகிறது. மார்ஜின் தொகையைத் தன் அதிகபட்ச நஷ்டத்தின் அளவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆப்ஷன் விற்பவர்களிடம் எந்த நாட்டிலும் இருக்கிறது. அந்தத் தொகை நாளைக் காலை வரைக்குமான, வழக்கமான அசைவுகளுக்கான மதிப்பீடு. வழக்கமற்ற வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

விலை ஸ்ட்ரைக்கைத் தொடாமலேயே பெரும் நஷ்டம் வர முடியும் என்பது அடுத்த செய்தி. ஆப்ஷனின் விலையில், பங்கு எங்கே இருக்கிறது என்பதைப் போலவே, அது எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதும் அடங்கியிருக்கிறது. ஸ்க்வீஸ் தொடங்கியதும் அந்த எதிர்பார்ப்பு, அதாவது ஐவி, பங்கோடு சேர்ந்து ஏறுகிறது. குறியீட்டு எண்களில் பொதுவாக விலை ஏறினால் ஐவி இறங்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கால் விற்பனையாளர், 'மேலே போனாலும் ஐவி குறைந்து என்னைக் கொஞ்சம் காப்பாற்றும்' என்று நம்பியிருப்பார். ஸ்க்வீஸில் இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. நேற்று பங்கின் அசைவில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் அசைந்துகொண்டிருந்த தொலைதூரக் கால், இன்று பாதிக்குப் பாதி அசைகிறது; நாளை பங்கைப் போலவே முழுமையாக அசைகிறது. ஆக, விற்றவர் ஒரு புதிய ஆர்டரும் போடாமலேயே அவருடைய ஷார்ட் நிலை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவைத் தாண்டியதும் தானாக வெளியேறும் ஆர்டர்) வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஜனவரி 26 அன்று பங்கு 147.98 டாலரில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு ஈலான் மஸ்க் ட்விட்டரில் ஒற்றைச் சொல்லைப் பதிவிட்டார். சந்தை நேரத்துக்குப் பிந்தைய வர்த்தகத்தில் பங்கு எகிறியது. மறுநாள் காலை முதல் விலையே 354.83 டாலர். பங்குகள் மாலையிலும் அதிகாலையிலும் கைமாறும். ஆனால் தனிப் பங்குகளின் மீதான ஆப்ஷன்கள் வழக்கமான சந்தை நேரத்தில் மட்டுமே வர்த்தகமாகும். ஆகவே கால் விற்றவர் இரவு முழுவதும் தன் நஷ்டம் வளர்வதைத் திரையில் பார்க்கலாம், ஆப்ஷனைத் திரும்ப வாங்க முடியாது. காலையில் ஸ்டாப் லாஸ் உயிர்பெறும்போது அது எந்த விலைக்கு நிறைவேறும் என்பது எதிரே யார் விற்க முன்வருகிறார் என்பதைப் பொறுத்தது. போதாததற்கு, அந்த நாள்களில் பங்கின் வர்த்தகம் ஏற்ற இறக்க வரம்பைத் தாண்டியதால் பலமுறை சில நிமிடங்களுக்கு நிறுத்தப்பட்டது. பங்கு நின்றால் அதன் ஆப்ஷனும் நிற்கும்.

இரவில் அவருக்கு இருந்த ஒரே வழி, நேரத்துக்குப் பிந்தைய சந்தையில் பங்கையே வாங்குவது. நூறு பங்கு வாங்கிவிட்டால் அவர் விற்ற கால் காப்புள்ள கால் ஆகிவிடும், மேலே எவ்வளவு போனாலும் கவலை இல்லை. பலரும் இதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் பங்கை வைத்துக்கொண்டு கால் விற்பதும், அதே ஸ்ட்ரைக்கில் காப்பில்லாமல் புட் (குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) விற்பதும் லாப நஷ்டக் கணக்கில் ஒன்றே. 350 டாலருக்குப் பங்கை வாங்கிக் காப்பு செய்துகொண்டவர், ஜனவரி 28 அன்று 193.60 டாலரையும் அடுத்த வாரம் 53.50 டாலரையும் பார்த்திருப்பார். அவர் விற்ற 60 டாலர் காலின் விலையும் சேர்ந்து விழுவது அந்த இறக்கத்தில் பெரும்பகுதியை ஈடு செய்யும். ஆனால் 350-க்கும் 60-க்கும் இடைப்பட்ட 290 டாலரை அவர் வாங்கிய கணத்திலேயே நிரந்தரமாக இழந்துவிட்டார். ஏற்றத்துக்கு எதிரான அபாயத்தைத் தீர்க்கப்போய் உச்ச விலையில் வாங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவராகிவிட்டார். ஸ்க்வீஸுக்கு எரிபொருள் இப்படித்தான் கிடைக்கிறது.

ஜனவரி 28 அன்று நடந்தது இன்னும் சிக்கலானது. பரிவர்த்தனைகளைத் தீர்க்கும் மைய நிறுவனம் அதிகாலையில் கேட்ட ஏறத்தாழ 300 கோடி டாலர் ஈட்டுத் தொகையின் அழுத்தத்தில் ராபின்ஹுட் கேம்ஸ்டாப் பங்கை வாங்குவதைத் தடை செய்தது. பின்னர் அந்தத் தொகை குறைக்கப்பட்டது. வேறு சில தரகு நிறுவனங்கள் அதன் ஆப்ஷன்களில் இருக்கும் நிலையைக் கலைக்க மட்டுமே அனுமதித்தன. பங்கை வாங்க முடியாமல் போனவர்களின் கோபம் செய்தியானது. கால் விற்றவரின் நிலையை யாரும் யோசிக்கவில்லை. அவர் தம் நிலையைக் கலைக்கலாம், தடை இல்லை. ஆனால் கலைக்க வேண்டுமானால் வேறொருவர் அவருக்குக் கால் விற்க வேண்டும். அந்தத் தரகர்களின் வாடிக்கையாளர் எவரும் புதிதாக விற்கக் கூடாது என்றால், எதிர்ப்பக்கத்தில் எஞ்சுவோர் ஏற்கெனவே கால் வாங்கி வைத்திருப்பவர்களும், வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை கொடுக்கும் சந்தை நடத்துநர்களும் மட்டுமே. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி விரியும். அந்த இடைவெளியை முழுவதும் செலுத்துபவர், மார்ஜின் அழைப்பு வந்து நேரம் பார்க்காமல் வாங்கியே தீர வேண்டியவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேம்ஸ்டாப் ஏற்றத்துக்கு 'காமா ஸ்க்வீஸ்' தான் காரணம் என்பது இன்று ஏறக்குறைய பொதுக் கருத்து: சில்லறை முதலீட்டாளர்கள் கால் வாங்கினார்கள், அதை விற்ற சந்தை நடத்துநர்கள் காப்புக்காகப் பங்கை வாங்கினார்கள், அதனால் விலை ஏறியது என்ற விளக்கம். எஸ்இசி அலுவலர்கள் தரவைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் அப்படி ஒரு காமா ஸ்க்வீஸ் நடந்ததற்கான சான்று தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். ஆப்ஷன் வர்த்தகம் பெருகியது பெரும்பாலும் புட் வாங்கியதால் என்றும், சந்தை நடத்துநர்கள் கால்களை விற்றதைவிட வாங்கியதே அதிகம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. சந்தை நடத்துநர்கள் நிகரமாகக் கால் வாங்கினார்கள் என்றால், அவற்றை அவர்களுக்கு நிகரமாக விற்றவர்கள் மற்ற பங்கேற்பாளர்கள். அவர்களில் எத்தனை பேர் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு விற்றார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு விற்றார்கள் என்பதை அந்த வாக்கியத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பிரீமியம் கொழுத்துக் கிடந்த அந்த நாள்களில் விற்கும் ஆசை யாருக்கு வந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

அந்த ஆசையில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஐவி உச்சத்தில் இருக்கும்போது விற்க வேண்டும் என்பது பாடப் புத்தக அறிவுரை. விலை ஏறஏற எக்ஸ்சேஞ்சுகள் புதிய ஸ்ட்ரைக்குகளைச் சேர்த்துக்கொண்டே போய் 800 டாலர் வரை கொண்டுவந்தன. 800 டாலர் காலை விற்றவர்கள் வென்றார்கள். அவர்களில் சிலர் இன்றும் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 60 டாலர் காலை விற்றவரும் அதே தர்க்கத்தோடுதான் விற்றார், ஜனவரி 20-இலும் பிரீமியம் கொழுத்துத்தான் தெரிந்தது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு வாரம். எந்த வாரத்தில் நிற்கிறோம் என்பது நின்றுகொண்டிருக்கும்போது தெரியாது.

'கால் வேண்டாம், புட் விற்கலாம், ஏறுகிற பங்கில் புட் விற்பது பாதுகாப்பு' என்பது இன்னொரு யோசனை. பங்கு 325 டாலரில் முடிந்த ஜனவரி 29 அன்று, 100 டாலர் ஸ்ட்ரைக் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கீழே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 5 அன்று, பங்கு 63.77. அந்த வாரத்து 100 டாலர் புட் கான்ட்ராக்ட் ஒன்றுக்கு 3,623 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கிய பிரீமியம் அதில் ஒரு பகுதியை ஈடு செய்திருக்கும். அந்தப் பிரீமியம் அவ்வளவு அதிகமாக இருந்ததற்குக் காரணமே இப்படி ஒரு சரிவைச் சந்தை எதிர்பார்த்திருந்ததுதான்.

பங்குச் சந்தைக்கு வெளியே இதன் கொடிய வடிவம் 2018 நவம்பரில் இயற்கை எரிவாயுவில் நடந்தது. அமெரிக்காவின் எரிவாயு இருப்பு, குளிர்காலம் தொடங்கும் அக்டோபர் இறுதி நிலவரப்படி, 2005-க்குப் பிறகு மிகக் குறைவாக இருந்தது. அதன்மேல் நவம்பரில் கடுங்குளிர் வரும் என்ற முன்னறிவிப்பு. நவம்பர் 13 அன்று கச்சா எண்ணெய் சுமார் 7 சதவீதம் சரிந்தது. கச்சா எண்ணெயை வாங்கி எரிவாயுவை விற்றிருந்த நிதியங்கள் இரண்டு நிலைகளையும் ஒருசேரக் கலைக்கின்றன என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் எரிவாயு ஒரே நாளில் சுமார் 18 சதவீதம் ஏறி 4.84 டாலரைத் தொட்டது. ஒரு கான்ட்ராக்ட் 10,000 அலகுகள் என்பதால், விலையில் ஒவ்வொரு டாலரும் கான்ட்ராக்டுக்குப் பத்தாயிரம் டாலர்.

ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஜேம்ஸ் கார்டியர் நடத்திய ஆப்ஷன்செல்லர்ஸ் நிறுவனம், ஏறத்தாழ 290 வாடிக்கையாளர்களின் பணத்தை ஆப்ஷன் விற்பதில் மட்டுமே ஈடுபடுத்தியிருந்தது. எரிவாயுக் கால்களைக் காப்பின்றி விற்றிருந்தது. அந்த ஏற்றத்தில் கணக்குகள் கரைந்தன. பல வாடிக்கையாளர்கள் போட்ட பணம் போனதோடு தரகு நிறுவனத்துக்குக் கடன்பட்டும் நின்றார்கள். கார்டியர் ஒரு காணொளியில் கண்கலங்க மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலைகள் கலைக்கப்பட்ட சூட்டிலேயே, நவம்பர் 15 அன்று, எரிவாயு சுமார் 17 சதவீதம் இறங்கி 4.04 டாலருக்கு வந்துவிட்டது. முந்தைய நாள் வாங்கியே தீர வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களுக்கு அந்த இறக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

இந்தியாவில் ஆப்ஷன் விற்பவர்களுக்கு இவை தொலைதூரச் செய்திகள் என்று தோன்றலாம். சில விதிகள் நமக்குச் சாதகம்: இங்கே பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை என்பதால் எக்ஸ்பைரிக்கு முன் யாரும் தம் உரிமையைப் பயன்படுத்தி நம்மீது அசைன்மென்ட் கொண்டுவர முடியாது. ஆனால் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்கைக் கைமாற்றியே தீர்க்கப்படுகின்றன. காப்பின்றி விற்ற கால் எக்ஸ்பைரி அன்று பணமதிப்போடு (பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேல்) முடிந்தால், விற்றவர் பங்கை டெலிவரி கொடுக்க வேண்டும். கையில் பங்கு இல்லையென்றால் ஏலத்தில் எந்த விலைக்கு வாங்கப்படுகிறதோ அந்த விலை அவர் தலையில் விழும். ஸ்க்வீஸ் நடக்கும் பங்கில் ஏலத்துக்கு வரும் விற்பனையாளர் என்ன விலை கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) பட்டியலில் உள்ள பங்குகளுக்கு நிலையான அப்பர் சர்க்யூட்டும், அதாவது ஒரு நாள் ஏற்றத்துக்கான உச்ச வரம்பும், கிடையாது; 10 சதவீதத்தில் தொடங்கும் வரம்பு தேவைப்படும்போது தளர்த்தப்படும். ஒரு பங்கின் திறந்த நிலைகள் அனுமதிக்கப்பட்ட மொத்த அளவில் 95 சதவீதத்தைத் தாண்டினால் அது தடைப் பட்டியலில் போய்விடும். 80 சதவீதத்துக்கு இறங்கும் வரை நிலைகளைக் குறைக்க மட்டுமே முடியும். கலைக்க மட்டுமே அனுமதி என்றால் விற்றவருக்கு என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அத்தோடு, நம் சந்தையில் தொலைதூரப் பங்கு ஸ்ட்ரைக்குகளில் அமைதியான நாள்களிலேயே ஆள் நடமாட்டம் குறைவு.

ஆப்ஷன் விற்கவே கூடாது என்பது என் வாதம் இல்லை. விற்கும்போதே, அதே எக்ஸ்பைரியில், அதே எண்ணிக்கையில், மேலே ஒரு ஸ்ட்ரைக்கை வாங்கிவிடுங்கள் என்பதே. 60 டாலர் காலை விற்ற அதே நிமிடத்தில் அதற்கு மேல் ஐந்து டாலர் தள்ளி ஒரு கால் கிடைத்திருந்து அதையும் வாங்கியிருந்தால், ஜனவரி 27 அன்றும் அவருடைய அதிகபட்ச நஷ்டம் கான்ட்ராக்டுக்கு 500 டாலரில் பிரீமியம் போக மீதிதான். பிப்ரவரி 19 வரை பொறுமையாக இருந்து, கணிப்பு சரியானதன் பலனையும் பெற்றிருப்பார். மேல் ஸ்ட்ரைக்கே பட்டியலில் இல்லையென்றால், அந்தக் காலை விற்காமல் விடுவதே பதில். கேம்ஸ்டாப்பில் ஜனவரி மூன்றாம் வாரத்தில் 60 டாலர்தான் உச்ச ஸ்ட்ரைக்காக இருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். வாங்கும் கால் பிரீமியத்தில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும் என்பது உண்மையே. மிஞ்சுவது போதாது என்று தோன்றினால், அந்த வியாபாரத்தில் கிடைப்பதாக நினைத்த லாபத்தின் பெரும்பகுதி காப்பில்லாமல் நின்றதற்கான கூலி மட்டுமே என்று அர்த்தம். காப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் பயனற்றது, ஏனெனில் ஐவி எகிறிய பிறகு அந்த மேல் ஸ்ட்ரைக்கின் விலை முதலில் வாங்கிய பிரீமியத்தையே பல மடங்கு தாண்டியிருக்கும்.